மூக்கைத் தூக்கி நின்ற வேன்

என் அண்ணன் யாரையும் நம்ப மாட்டார். குறையாகச் சொல்லவில்லை, அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்த மாதிரிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் யாரோ ஒருவர் கையில், உயிர் மட்டும் இவருடையது. ஆகவே வலது காலை அந்த பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பிரேக் சார்'. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால் ஓய்வு பெறவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தாலும் சரி, சினிமா பார்த்தாலும் சரி, அது பாட்டுக்குத் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும்.

தலைமுடியைக்கூடத் தானேதான் வெட்டிக்கொள்வார். "கழுத்துப் பக்கத்துல ஒருத்தன் கத்திரிக்கோலோட நிப்பான், நான் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கணுமா? நல்லா இருக்கே கதை!" என்பார். பின்பக்கம் பார்த்தால் ஆடு மேய்ந்த இடம் மாதிரி இருக்கும். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

ஓய்வு பெற்ற கையோடு பழைய கேம்பர் வேன் ஒன்றை வாங்கினார். லாட்ஜ் அறைகளின் பூட்டை நம்ப முடியாதாம். வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். கோடை முழுக்க அண்ணியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவார். சுற்றுவதில் அண்ணிக்குக் கொள்ளை ஆசை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் கேட்டதே அது ஒன்றுதான்.

ஆனால் அண்ணிக்குச் சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஓடாது. போன கோடையில், இதே வேனில் போன இடத்தில், ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை ஏறிக்கொண்டே போய் அண்ணி குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். மருந்து வெயிலில் கெட்டுப்போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் நேராகப் போய், கெட்ட சரக்கை விற்றதாக மருந்துக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். இன்னொரு தடவை இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

இந்தக் கோடையில் அவர்கள் ஓர் ஏரிக்கரை மைதானத்தில் வேனை நிறுத்தியிருந்தார்கள். எனக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. நான் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள், நாள் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தூரத்திலிருந்தே எங்கள் வேனை அடையாளம் கண்டுபிடித்துவிட்டேன். மற்ற வேன்கள் எல்லாம் மரநிழலில் ஒழுங்காக நின்றன. எங்கள் வேன் மட்டும் நட்ட நடு வெயிலில், முன்சக்கரம் இரண்டும் சரிவான கட்டைகளின் மேல் ஏறி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்சக்கரங்களுக்குப் பின்னால் பாறை மாதிரி கற்கள்.

"இது என்ன கோலம்?" என்றேன்.

"ஹேண்ட்பிரேக்க நம்பி வண்டிய விட்டவன் எல்லாம் பள்ளத்துல கிடக்கான்" என்றார் அண்ணன். "திருடன் வந்தாலும் கட்டையிலேர்ந்து இறக்கணும்ல? சத்தம் கேக்கும்."

"நிழல்ல நிறுத்தக் கூடாதா?"

"நிழல்ல எவன் ஒளிஞ்சு நிக்கறான்னு தெரியாது."

உள்ளே போனால் ஃப்ரிட்ஜில் ஒரு பூட்டு தொங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி கண்ணாலேயே "வேண்டாம்" என்றார்.

பூட்டு வந்த கதை இது. அந்த ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுவது. பின்னால் சின்னதாக ஒரு தீ எரிந்துகொண்டே இருக்கும், அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிருமாம். தீ எரிந்து குளிர் வருகிறது என்று கேட்ட உடனேயே எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. இவர்கள் இங்கே வந்ததிலிருந்து அது சரியாகக் குளிரவில்லை. உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் நாளுக்கு நாள் ஏறியது. அண்ணன் முதலில் கேஸ் சிலிண்டர்காரரைச் சந்தேகப்பட்டார், பாதி காற்றை அடைத்துக் கொடுத்துவிட்டாராம். சிலிண்டரை மாற்றியும் குளிரவில்லை. பிறகு வேனின் வெளிப்பக்கத்தில் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கம்பி ஜன்னலைச் சந்தேகப்பட்டார். எவனோ அந்த வழியாகக் கையை விட்டுத் தீயை அணைக்கிறான் என்று அதன்மேல் ஒரு பலகையை அறைந்துவிட்டார். குளிர் இன்னும் குறைந்தது. கடைசியில் வீட்டுக்குள்ளேயே கண் திரும்பியது. அண்ணி இனிப்பு எடுக்கத் திறந்து திறந்து மூடுகிறார் என்று பூட்டைப் போட்டார். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில்.

வேடிக்கை என்னவென்றால், பூட்டு சரியாக இருக்கிறதா, உள்ளே எவ்வளவு சூடு என்று அவரே மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே தெர்மாமீட்டரைக் கண்ணாடி போட்டுப் படிப்பார். உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சக் குளிரும் அவர் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். இன்சுலின் பெட்டியை மட்டும் அவரே தொட மாட்டார், கைச்சூடு பட்டுவிடுமாம். சாப்பாட்டு வேளைக்கு அண்ணியைக் கூப்பிட்டு, "நீயே எடு" என்பார். அண்ணி, ஊசி போடுகிற இன்சுலின் பேனாவை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார், வருவார், திரும்ப வைப்பார். அண்ணன் பூட்டுவார்.

நான் வந்த அன்றே மாட்டிக்கொண்டேன். வெயிலில் வந்த களைப்பில், அவர் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து ஒரு தண்ணீர் பாட்டிலை உள்ளே செருகிவிட்டேன்.

"சுடு தண்ணிய உள்ள வச்சது யாரு?"

"நான்தான். பாட்டில் தண்ணி அண்ணா, வெந்நீர் இல்ல."

"வெயில்ல கிடந்த பாட்டிலுக்கும் வெந்நீருக்கும் என்ன வித்தியாசம்? அண்ணி மேல உனக்குக் கொஞ்சமாவது அக்கறை இருக்கா? உன்னை யாராவது அனுப்பிச்சாங்களா?"

"யார் அனுப்புவா? ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காரனா?" என்றேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று இரவு சண்டையோடுதான் படுத்தோம். வேனின் சாய்வில் சறுக்கிச் சறுக்கி, விடியும்போது என் கால் பின்கதவில் முட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து வேன் ஒரு சலூன்காரம்மாவுடையது. தனியாளாக வேனிலேயே ஊர் ஊராகப் போய் முடி வெட்டுகிறவர். மரத்தடியில் ஒரு மடக்கு நாற்காலி, கிளையில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் கடை. அண்ணனுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "எப்பப் பாரு நம்ம வண்டியவே பாக்கறா. பாத்துட்டுச் சிரிக்கறா" என்பார். எனக்கும் அது கண்ணில் பட்டது. அந்த அம்மா எங்கள் வேனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொள்வார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துப் பார்ப்பார். ஏன் பார்க்கிறார் என்று எனக்கும் மூக்கு வியர்த்தது.

அண்ணியும் வேளை தவறாமல் அந்த வேனுக்குப் போய்வந்தார். தலை சீவிக்கொண்டு வருகிறேன் என்பார்.

"தலையில இருக்கறதே நாலு முடி. அதைத் தினம் மூணு வேளை சீவணுமா?" என்று அண்ணன் என்னிடம் கிசுகிசுத்தார். "அங்க இனிப்பு கொடுக்கறா. நிச்சயமா இனிப்புதான்."

அண்ணன் சொன்னால் நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறவள். ஆனால் ஒன்று எனக்கும் உறுத்தியது. அண்ணி தலை சீவப் போவது சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். தட்டில் போட்டதை மூடி வைத்துவிட்டு யாராவது தலை சீவப் போவார்களா? திரும்பி வரும்போது ஒரு முடிகூட இடம் மாறியிருக்காது.

மூன்றாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. வேனின் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. காலையில் அண்ணன் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். உள்ளே இருந்த வெண்ணெய் உருகி வழிந்திருந்தது. போன வருஷத்து ஆஸ்பத்திரி வராந்தா எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் நின்றது.

"கையக் கொடு" என்று அண்ணியின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அளவு நன்றாக இருந்தது. யாராக இருந்தாலும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். இவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"நல்லா இருக்குதே?"

"நல்லா இருந்தா நல்லதுதானேங்க" என்றார் அண்ணி.

"எப்படி நல்லா இருக்கும்? வெண்ணெயே உருகிப்போச்சு. மருந்து கெட்டிருக்கணும். கெட்ட மருந்தப் போட்டும் சர்க்கரை ஏறலைன்னா மெஷின் பொய் சொல்லுது."

மெஷினைச் சோதிக்கத் தன் விரலைக் குத்திக்கொண்டார். என் விரலையும் பிடித்துக் குத்தினார். மெஷின் ஒழுங்காகத்தான் இருந்தது. நல்ல செய்திக்குப் பயந்து நடுங்கிய மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபம் போய் எனக்குப் பாவமாகிவிட்டது.

மத்தியானம் அண்ணி வழக்கம்போல் ஃப்ரிட்ஜிலிருந்து பேனாவை எடுத்து, திரைக்குப் பின்னால் போய்வந்து, திரும்ப வைத்துவிட்டு, "தலை சீவிட்டு வரேன்" என்று கிளம்பினார். அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார்.

"நீ பின்னாலயே போய்ப் பாரு. என்ன திங்கறான்னு பாத்துட்டு வா."

"நான் என்ன துப்பறியற ஆளா?"

"அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இருக்க மாட்டேன். போ."

அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. போனேன். சலூன்காரம்மாவின் வேன் கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடையை விலக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் ஃப்ரிட்ஜ் திறந்திருந்தது. கதவு அலமாரியில் வரிசையாக இன்சுலின் பேனாக்கள்.

"அண்ணி!" என்று கத்தியே விட்டேன்.

அண்ணி திடுக்கிட்டு, என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அந்த வேனுக்குள் தரை சமமாக இருந்தது. இரண்டு நாள் சாய்வில் நடந்துவிட்டு வந்த எனக்குத் தலை சுற்றுவது போல் இருந்தது.

"அப்ப அங்க போட்டது?"

"அங்க எதையும் போடல. அதுல இருக்கறது எல்லாம் காலிப் பேனா" என்றார் அண்ணி. "உங்கண்ணன்தான் காலிப் பேனாவைக்கூடக் குப்பையில போட விட மாட்டாரே, எவனாவது எடுத்து என்னவாவது பண்ணிடுவான்னு. சீட்டுக்கு அடியில ஒரு பை நிறைய சேத்து வச்சிருக்கார். அதை எடுத்துப் பெட்டியில வச்சிட்டு நல்ல பேனா எல்லாத்தையும் இங்க கொண்டு வந்துட்டேன். பூட்டு போடறதுக்கு முன்னாலயே."

"ஏன் அண்ணி? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே! இந்த அம்மா நாங்க வந்த மறுநாளே சொன்னாங்க, வண்டி சாஞ்சு நின்னா அந்த ஃப்ரிட்ஜ் குளிராதுன்னு. நான் போய்ச் சொன்னா, 'அவளுக்கு எதுக்கு அந்த அக்கறை'ன்னு என் மேலயே பாஞ்சார்."

சலூன்காரம்மா ஃப்ரிட்ஜை மூடினார். "நான் நேராவே சொன்னேன்மா. எங்கிட்டயும் இதே ஃப்ரிட்ஜ்தான். பின்னால குழாயில இருக்கற திரவம் சூட்டுல கொதிச்சு மேல ஏறி, தானா இறங்கி வரணும். வண்டி சாஞ்சிருந்தா அது நடுவுலயே தேங்கிடும். 'வண்டியச் சமமா நிறுத்துங்க சார்'னேன். 'எதுக்கு, தள்ளிட்டுப் போகவா?'ன்னு கேட்டார். அப்புறம் சூடு வெளிய போற ஜன்னலுக்கும் பலகை அடிச்சுட்டார். நான் என்ன பண்றது? பாத்துப் பாத்துத் தலையில அடிச்சுக்கிட்டேன்."

அதற்குமேல் பேச நேரமில்லை. வெளியே அண்ணனின் சத்தம் மைதானத்தையே எழுப்பியது.

நடந்தது இதுதான். மருந்து எப்படியும் கெட்டிருக்கும், மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு டவுனுக்குப் போய்ப் புதிதாக வாங்கி வரலாம் என்று முடிவுகட்டி, அவர் முதல் தடவையாக அந்தப் பெட்டியில் கை வைத்திருக்கிறார். ஒரு பேனாவின் மூடியைக் கழற்றினால் காலி. அடுத்ததும் காலி. எல்லாமே காலி.

"திருடிட்டாங்க! மருந்து பூராத் திருடிட்டாங்க! ஏய், கதவத் திற! என் பெண்டாட்டி உயிரோட விளையாடறியா?"

சலூன்காரம்மா கதவைத் திறந்தார். அண்ணன் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மூச்சு இரைத்தது. உள்ளே அண்ணி, கையில் பேனாவோடு. அவர் பேனாவைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரும் திருடலை. நான்தான் எடுத்தேன்" என்றார் அண்ணி. "நீங்க இத்தனை நாளாக் காவல் காத்தது காலிப் பேனாவை."

அண்ணனுக்கு உடனே கோபம்தான் வந்தது. "என்னை ஏமாத்திட்டியா?"

"ஆமா. உயிரோட இருக்கணுமேன்னு ஏமாத்தினேன்." அண்ணி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. "வண்டி சாஞ்சிருக்கறதாலதான் குளிரலைன்னு நான் சொன்னா நம்பினீங்களா? யார் சொன்னாலும் நம்ப மாட்டீங்க. என் உசிரக் காப்பாத்தறேன்னு பூட்டு போடறீங்க, பலகை அடிக்கறீங்க, வெயில்ல நிறுத்தறீங்க. உங்களுக்குத் தெரியாம ஒளிச்சுத்தான் நான் பொழைக்க வேண்டியிருக்கு. எனக்கு என்ன, ஒளிஞ்சு ஒளிஞ்சு ஊசி போட்டுக்க ஆசையா?"

அண்ணன் மெல்லத் திரும்பித் தன் வேனைப் பார்த்தார். அது வெயிலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"போன வருஷமும் கட்டை மேலதான் நிறுத்தியிருந்தேன்" என்றார்.

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"அந்த மருந்துக்கடைக்காரன் சட்டையப் பிடிச்சேனே" என்றார். "நீ விழுந்தது என்னாலதானா?"

இல்லை என்று அண்ணி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கே பிடித்திருக்காது. கையிலிருந்த பேனாவை மூடி, பத்திரமாக ஃப்ரிட்ஜில் வைத்தார். "வாங்க, சாப்பாடு ஆறுது" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் சாப்பிடவில்லை. அந்த வெயிலிலேயே போய்க் கற்களைப் புரட்டித் தள்ளினார். கட்டையிலிருந்து வேனை இறக்கி, மரநிழலுக்குக் கொண்டுபோய், ஃப்ரிட்ஜ் இருக்கிற பக்கம் வெயில் படாமல் திருப்பி நிறுத்தினார். வேனுக்குள் தரையில் ஒரு தட்டு வைத்துத் தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும் வரைக்கும் வேனை முன்னும் பின்னும் நகர்த்தினார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு கல்லைக் கீழே போட்டார். பலகையைப் பெயர்த்து எடுத்தபோது, அடைபட்டிருந்த அனல் குப்பென்று அவர் முகத்தில் அடித்தது.

மறுநாள் காலை தெர்மாமீட்டர் இறங்கியிருந்தது. ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடினார். பூட்டு தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

"இப்ப நல்லாக் குளிருது" என்றார் அண்ணியிடம். "உன் பேனாவெல்லாம் எடுத்துட்டு வந்துடேன்."

அண்ணி போய் ஒன்றே ஒன்றை எடுத்துவந்து வைத்தார்.

"மீதி?"

"மீதி அங்கயே இருக்கட்டும். ஒரு வாரம் பாக்கலாம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. அவருக்கு உண்மையான அடி இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "சரி, பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் எட்டிப் பார்த்தால், மரத்தடி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! கழுத்தில் வெள்ளைத் துணி. சலூன்காரம்மா அவர் பின்தலையைப் பார்த்துவிட்டு, "யார் சார் இப்படி வெட்டினது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணி சிரிக்கவில்லை. நேராக அவர் பக்கத்தில் போய் நின்றார். கத்திரிக்கோல் கழுத்துக்கு வந்தபோது, அண்ணனின் வலது கால் மண்ணை அழுத்த ஆரம்பித்தது. விரல்கள் மண்ணுக்குள் புதைந்தன. அண்ணி குனிந்து அவர் முழங்காலின் மேல் கையை வைத்தார்.

"காலை எடுங்க. வண்டி நிக்குது."

"தெரியுது" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல்.

கால் தளர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை அண்ணி கையை எடுக்கவில்லை.